கடலில் களையெடுக்கும் மீனும் கரையில் களையெடுத்த கைகளும்

நெகிரி செம்பிலானின் ஏழு மாவட்டங்களில் கடலைத் தொடுவது போர்ட்டிக்சன் ஒன்றுதான். பட்டணத்திலிருந்து தெற்கே ஏறத்தாழ 16 கிலோமீட்டரில் தஞ்சோங் துவான் முனை கடலுக்குள் நீண்டு நிற்கிறது. நிர்வாகக் கணக்கில் அது மலாக்கா மாநிலத்தின் துண்டு நிலம். போர்த்துக்கீசியர் அதை ராச்சாடோ முனை என்றார்கள். டச்சுக்காரருக்கும் அவர்களுக்கும் 1606-இல் பெரிய கடற்போர் நடந்தது அதன் எதிர்க்கடலில்தான். முனையின் மேலே காடும் கலங்கரை விளக்கமும். கீழே, நீர் நன்றாக வற்றும் நாள்களில் மட்டும் தலைகாட்டும் ஒடுங்கிய பவளப்பாறை விளிம்பு. அதன் உயிரினக் கூட்டத்தைப் பற்றி மலாயாப் பல்கலைக்கழகத்தின் சசேகுமாரும் உடன் ஆய்வாளர் கோவும் எழுதிய கட்டுரை 1980-இல் வெளிவந்தது. தீபகற்ப மலேசியாவின் மேற்குக்கரையில் பவளப்பாறை அரிது என்பதால் இந்த விளிம்புக்கு அதன் அளவை மீறிய மதிப்பு உண்டு.

மலாக்கா நீரிணை தெளிந்த கடல் அல்ல. இரு கரைகளிலிருந்தும் ஆறுகள் வண்டலைக் கொண்டுவந்து கொட்டுகின்றன, ஆழம் குறைவு, நீரோட்டம் அந்த வண்டலை ஓயாமல் கிளறுகிறது. இங்கே நிலைத்தவை உருண்டு திரண்டு வளரும் கல் போன்ற பவள இனங்கள். அவை ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே வளரும். அத்தனை மெதுவாக வளரும் உயிருக்குப் பெரிய பகை வேகமாக வளரும் பாசி. வெற்றுப் பாறையில் இடம் கிடைத்த சில வாரங்களில் பாசி படர்ந்துவிடும். அதன் மேல் பவளக் குஞ்சு ஒட்ட முடியாது. ஆகவே பவளப்பாறை பிழைத்திருக்க, யாராவது அன்றாடம் களையெடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வேலையைச் செய்யும் மீன்களில் முதன்மையானது கிளிமீன்.

கிளிமீனின் முன்பற்கள் ஒன்றோடொன்று இணைந்து கிளியின் அலகு போல் ஆகிவிட்டவை. பெயரும் அதனால்தான். மலாய்க்காரர்களும் இதை இக்கான் பாயான் என்றே அழைக்கிறார்கள்; பாயான் என்றால் கிளி. கேரளக் கரையில் கிளிமீன் என்று விற்பது வேறு மீன், சங்கரா இனத்தைச் சேர்ந்தது; அதையும் இதையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. உலகில் ஏறத்தாழ 100 இனக் கிளிமீன்கள் உள்ளன. பல இனங்களில் இளம் மீன்கள் மங்கிய நிறத்தோடு பெண்ணாக இருந்து, வளர்ந்தபின் பச்சையும் நீலமும் இளஞ்சிவப்புமாக ஆணாக மாறும். ஒரே இனத்தின் இரு பருவங்களை இரண்டு தனி இனங்கள் என்று பழைய ஆய்வாளர்கள் பெயர் வைத்துத் திணறியதும் உண்டு. இரவில் சில இனங்கள் வாயிலிருந்து கோழை சுரந்து, கொசுவலை போல் உடலைச் சுற்றிக்கொண்டு உறங்கும். இரத்தம் உறிஞ்சும் சிறு ஒட்டுண்ணிகளை அது தடுக்கிறது என்று 2011-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது.

அலகு பாறையைச் சுரண்டும். தொண்டைக்குள் இருக்கும் இன்னொரு பல் வரிசை அம்மியாக அரைக்கும். கிளிமீனுக்கு இரைப்பை இல்லை. சுண்ணாம்புப் பாறையோடு சேர்த்து விழுங்கியதெல்லாம் மாவாகிக் குடலுக்குப் போகிறது. சத்து உடலில் சேர, மீதி வெண்மணலாகக் கடலில் விழுகிறது. மாலத்தீவின் வக்காரு தீவில் புதிதாக உண்டாகும் மணலில் 85 விழுக்காட்டுக்கும் மேல் கிளிமீன் தந்தது என்று 2015-இல் கணக்கிட்டார்கள். நெற்றி புடைத்த பெருங்கிளிமீன் ஒன்று ஆண்டுக்கு 5 டன்னுக்கும் மேலான பவளச் சுண்ணாம்பைக் கடித்தெடுக்கிறது. சபாவின் சிபாடான் தீவில் இந்தப் பெருமீன்கள் மந்தையாகப் போவதைக் காண உலகம் முழுவதிலுமிருந்து முக்குளிப்பவர்கள் வருகிறார்கள். போர்ட்டிக்சன் போன்ற கலங்கிய கரைக்கடல்களில் இருப்பவை பாறையை ஆழமாகத் தோண்டாமல் மேலாகச் செதுக்கும் சிறிய இனங்கள்.

பவளப்பாறையைக் கடிக்கும் மீன் அதற்கே எப்படி நன்மை செய்யும்? வெகுகாலம் ஆய்வாளர்கள் கிளிமீனைப் பவளத்தின் எதிரி என்றுதான் எண்ணினார்கள். உயிருள்ள பவளத்தையும் அது சிறிது கடிக்கிறது என்பது உண்மை. ஆனால் அதன் பெரும்பான்மைக் கடி விழுவது இறந்த பவளத்தின் மேல், குட்டையாகப் படர்ந்த பாசிப் பாயின் மேல். பாறையின் மேல்தோலிலும் உள்ளேயும் வாழும் கண்ணுக்குத் தெரியாத நீலப்பச்சை நுண்ணுயிர்களே அதன் உண்மையான உணவு என்று 2017-இல் வெளியான ஆய்வு ஒன்று வாதிட்டது. எதைத் தேடிச் சுரண்டினாலும் விளைவு ஒன்றுதான்: பாசி வழித்தெடுக்கப்பட்ட சுத்தமான கல். பவளக் குஞ்சு வந்து ஒட்டுவது அங்கேதான்.

கிளிமீன் தனியாள் அல்ல. ஓரா மீனும், முள்வால் மீன்களும், கடல் முள்ளெலியும் களையெடுப்பில் பங்கு கொள்கின்றன. மன்னார் வளைகுடாவில் பாசி பறிக்கும் பெண்கள் கட்டக்கோரை என்று சொல்லும் உயரமான பழுப்புப் பாசியை, அது முற்றியபின் கிளிமீன் அவ்வளவாகத் தொடுவதில்லை. சிங்கப்பூரின் கலங்கிய பவளப்பாறைகளில் அந்தப் பாசியைக் கட்டி வைத்துப் பார்த்தபோது, அதை மிகுதியாகத் தின்றது ஓரா இனம் ஒன்று. பாசி முளைவிடும்போதே வழித்தெடுப்பது கிளிமீனின் வேலை. தவறி வளர்ந்துவிட்டால் வேறு ஆள் வேண்டும். தோட்டத்தில் புல்லை முளையிலேயே செதுக்குவதற்கும், இடுப்பளவு வளர்ந்த லாலான் புல்லை வெட்டுவதற்கும் உள்ள வேறுபாடு இது.

இந்த மீன்கள் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை உலகுக்குக் காட்டியது ஜமைக்கா. அங்கே கூண்டு வைத்துப் பிடித்தே கிளிமீன்களை வெகுவாகக் குறைத்துவிட்டார்கள். கடல் முள்ளெலி மட்டுமே பாசியைத் தின்று நிலைமையைத் தாங்கிப் பிடித்தது. 1980-இல் பெரும்புயல் பவளத்தை உடைத்தது. 1983-இல் நோய் கண்டு முள்ளெலிகள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. 1977-க்கும் 1993-க்கும் இடையே பவளம் மூடிய பரப்பு 52 விழுக்காட்டிலிருந்து 3 ஆகச் சரிந்தது. பாசி 4-இலிருந்து 92 ஆக ஏறியது என்று ஆய்வாளர் டெர்ரி ஹியூஸ் 1994-இல் எழுதினார். பனாமாவில் கடலடிப் படிவுகளைத் துளையிட்டு எடுத்து, அவற்றில் புதைந்த கிளிமீன் பற்களை எண்ணி 3,000 ஆண்டு வரலாற்றைப் படித்தார்கள். பற்கள் குறைந்த காலங்களை அடுத்துப் பவளத்தின் வளர்ச்சியும் குறைந்திருந்தது. பெலிஸ் 2009-இல் கிளிமீன் பிடிப்பதைத் தடை செய்தது. எல்லாக் கடலிலும் இதே கணக்கு செல்லும் என்று சொல்லிவிட முடியாது. பவளம் இறந்த இடங்களில் மேய்ச்சல் பெருகிக் கிளிமீனும் பெருகியதைப் பிலிப்பீன்ஸில் கண்டிருக்கிறார்கள். மீன் பிடிப்பைக் குறைத்தாலே பவளம் தானாக மீளும் என்பது மிகையான நம்பிக்கை. நெகிரி செம்பிலான் கரையில் அந்த நம்பிக்கை இன்னும் குறைவாகவே செல்லும். இங்கே களையெடுப்புக்குத் தடையாக நின்றவற்றில் முதலில் சொல்ல வேண்டியது மண். அந்த மண் எங்கிருந்து வந்தது என்பதுதான் இந்தக் கரையின் வரலாறு.

முதலில் வந்தது ஈயம். போர்ட்டிக்சனை அடுத்த லுக்குட்டில் ராஜா ஜுமாட் 1846 முதல் ஆண்ட காலத்தில் அங்கே சீனச் சுரங்கங்கள் செழித்தன. சிரம்பான், ராசா பகுதிகளின் ஈயமெல்லாம் லிங்கி ஆற்று வழியாகக் கடலுக்குப் போனது. ஈயம் எடுப்பது என்றால் மண்ணைத் தண்ணீரில் கழுவுவது. கழுவிய சேறு ஆற்றுக்கே திரும்பும். அதே காலத்தில் சீன விவசாயிகள் காட்டை அழித்துக் காம்பியரும் மிளகும் மரவள்ளியும் போட்டார்கள். காம்பியர் இலையைக் கொதிக்க வைக்க விறகு வேண்டும். அதற்காகப் பக்கத்துக் காடும் போனது. நிலம் சாரமிழந்ததும் விட்டுவிட்டு அடுத்த இடத்துக்கு நகர்ந்தார்கள். விட்ட இடத்தில் லாலான் ஏறியது. 1891-இல் சிரம்பானையும் போர்ட்டிக்சனையும் ரயில் இணைத்தபின் ஆற்று வணிகம் ஓய்ந்தது. ஆறு சுமந்த சேறு ஓயவில்லை.

காப்பி வந்தது, சில ஆண்டுகளில் போனது. 20-ஆம் நூற்றாண்டு பிறந்ததும் ரப்பர் எல்லாவற்றையும் விழுங்கியது. லின்சம், சிலியாவ், தானா மேரா, சுவா பெத்தோங், சுங்காலா என்று போர்ட்டிக்சனையும் லிங்கி ஆற்றையும் சுற்றிப் பால்மரத் தோட்டங்கள் பரவின. தமிழ்நாட்டிலிருந்து, முதலில் ஒப்பந்தக் கூலிகளாகவும், 1910-இல் அம்முறை ஒழிந்தபின் கங்காணிகளின் வழியாகவும், ஆள்கள் கப்பலேறி வந்தார்கள். இந்திய அரசு 1938-இல் தடை விதிக்கும்வரை அது தொடர்ந்தது.

பால் வெட்டுதான் தோட்டத்தின் அடையாளம் என்று பிற்காலத்தில் ஆனது. ஆனால் ஒரு கன்று வளர்ந்து பால் தர ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். அதுவரை தோட்டத்தின் வேலையே களையெடுப்புதான். பால்மரம் வெட்டாதவர்களுக்கு வெளிக்காடு. வெளிக்காடு என்றால் பெரும்பாலும் புல்லு வெட்டு. பெண்களும் வளர்ந்த பிள்ளைகளும் விடியலில் பிரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்பில் நின்று பேர் கொடுத்துவிட்டு, மண்வெட்டியோடு நிரை நிரையாகப் போனார்கள். ஆண்களைவிடக் குறைந்த கூலி. அன்றைய துரைமார்களின் கோட்பாடு ‘சுத்தக் களையெடுப்பு’. பால்மரங்களுக்கு இடையே ஒரு புல்கூட இருக்கக் கூடாது; வாசல் தெளித்த முற்றம் போல் தரை வெறுமையாக இருக்க வேண்டும். லாலான் மரத்தின் உணவைப் பறிக்கும் என்ற அச்சமும், வேர் நோய் பற்றிய கவலையும் இதற்குக் காரணங்கள். அதோடு பெருமையும் சேர்ந்தது: தோட்டத்தைப் பார்வையிட வருபவர் துரையின் திறமையைத் தரையின் சுத்தத்தைக் கொண்டே மதிப்பிட்டார். ஒரே நிரைக்கு மாதம் ஒருமுறை திரும்பி வந்து செதுக்க வேண்டியிருந்தது.

ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் சரிவுகளில் தரையை இப்படி மொட்டையாக்கினால் மேல்மண் நிற்காது. பல நூறு ஆண்டுகள் காடு சேர்த்து வைத்த கரிய மண் சில ஆண்டுகளில் கழுவிக்கொண்டு போய், அடியிலுள்ள செம்மண் வெளிப்பட்டது. பல தோட்டங்களில் பால்மரத்தின் வேர்கள் தரைக்கு மேலே தெரிந்தன. மண்ணைப் பிடித்து வைக்கச் சரிவுகளில் குழிகள் வெட்டினார்கள், வரப்பு போட்டார்கள். அதைச் செய்ததும் அதே கைகள்தான். மீதி, ஓடைகளில் இறங்கி லிங்கியிலும் லுக்குட்டிலும் கலந்தது. முகத்துவாரச் சதுப்புக் காடுகள் ஒரு பங்கைப் பிடித்து வைத்திருக்கும். ஆனால் அந்தக் காடுகளும் விறகுக்கும் கரிக்கும் வெட்டப்பட்டுக்கொண்டுதான் இருந்தன. போர்ட்டிக்சனின் பழைய பெயரே ஆராங். மலாயில் அதற்குக் கரி என்று பொருள்.

கடலுக்கு வந்த மண் பவளத்தை மூன்று வழிகளில் தாக்கும். நீர் கலங்கி வெளிச்சம் குறைகிறது. பவளத்துக்குள் வாழ்ந்து உணவு சமைக்கும் நுண்பாசிக்கு வெளிச்சம் வேண்டும், ஆகவே பவளம் ஆழத்தை விட்டு மேல் விளிம்புக்கு ஒதுங்குகிறது. மேலே படியும் சேற்றைக் கோழை சுரந்து தள்ளுவதிலேயே பவளத்தின் சத்து கரைகிறது. இவ்விரண்டும் வெகுகாலமாக அறிந்தவை. மூன்றாவது, கிளிமீன் வழியாக வருவது. பாறையின் மேல் இருக்கும் குட்டைப் பாசிப் பாய், தூசியைப் பிடிக்கும் கம்பளம் போல் வண்டலைப் பிடித்து வைக்கிறது. வண்டல் நிறைந்த பாயைக் கிளிமீன் கடிக்காது. ஒவ்வொரு வாய்க்கும் சத்தைவிட மண் அதிகமாக வந்தால் மேய்ச்சல் கட்டுப்படி ஆகாது. ஆஸ்திரேலியப் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் டேவிட் பெல்வுட், கிறிஸ்டோபர் ஃபுல்டன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் பாசிப் பாயிலிருந்து வண்டலை அகற்றிப் பார்த்தபோது மேயும் மீன்கள் திரளாக வந்தன. 2008-இல் வெளியான ஆய்வு அது. வண்டல் சேரச் சேர மீன் ஒதுங்கும், மீன் ஒதுங்க ஒதுங்கப் பாசி நீளும், நீண்ட பாசி இன்னும் மண்ணைப் பிடிக்கும். மீன் கடலில் இருந்துகொண்டே வேலை மட்டும் நின்றுபோகும்.

கரையில் ஒரு களையெடுப்பு அளவுமீறிப் போகும்போது கடலில் இன்னொரு களையெடுப்பு நின்றுபோவதற்கான வழி இதுதான். தோட்ட மண்ணோடு சுரங்கச் சேற்றுக்கும் இதில் பங்கு உண்டு. இரண்டும் ஒரே ஆற்றில்தான் வந்தன. முதுகு வளைத்துப் புல் செதுக்கிய பெண்ணின் மேல் இந்தப் பழியைச் சுமத்துவது எந்த வகையிலும் நியாயம் ஆகாது. எதை வெட்ட வேண்டும், எதை விட வேண்டும் என்று முடிவு செய்யும் அதிகாரம் அவளிடம் ஒருபோதும் இல்லை. பிறந்த ஊரில், பயிர்க்காலத்தில் களையெடுத்து, மற்றக் காலத்தில் நிலத்தைப் புல்லுக்கும் ஆட்டுக்கும் விட்டுவைத்த வழக்கத்திலிருந்து வந்தவள் அவள்.

சுத்தக் களையெடுப்பின் கேட்டை முதலில் உணர்ந்தது கடலைப் பார்த்தவர்கள் அல்ல, மண்ணைப் பார்த்தவர்கள். மலாயாவில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் 1925-இல் தோன்றியது. அங்கே மண் ஆராய்ச்சி செய்த ஹெய்ன்ஸ், ரப்பர்த் தோட்டங்களில் இயற்கையாக வளரும் கீழ்ச்செடிகளின் பயனைப் பற்றி 1934-இல் ஒரு கையேடே எழுதினார். எல்லாப் புல்லும் பகையல்ல, தரையைப் போர்த்தும் செடி மண்ணைக் காக்கும் என்பது அதன் சாரம். 1930-களின் விலைச்சரிவு அந்தக் கருத்துக்கு உதவியது. ஒவ்வொரு புல்லையும் பிடுங்கக் கூலி கொடுக்கத் தோட்டங்களிடம் பணம் இல்லை. கலப்போகோனியம், சென்ட்ரோசீமா, பியூரேரியா போன்ற அவரைக் குடும்பக் கொடிகளைக் கன்றுகளுக்கு இடையே படரவிட்டார்கள். அவை காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்த்தன, மழைத்துளியின் அடியைத் தாங்கின, லாலானையும் அமுக்கின.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் மண்வெட்டியின் இடத்தை மருந்து பிடித்தது. லாலானைக் கொல்லச் சோடியம் ஆர்சனைட் என்ற நச்சுக் கரைசலை அடித்தார்கள்; மனிதருக்கும் மாட்டுக்கும் அது கொடிய விஷம். 1960-களில் பாராகுவாட் வந்தது. முதுகில் பம்பைச் சுமந்து மருந்தடிக்கும் வேலை மறுபடியும் பெண்களிடமே, பெரும்பாலும் தமிழ்ப் பெண்களிடமே விழுந்தது. நகம் கழன்றது, தோல் வெந்தது, மூக்கில் இரத்தம் வடிந்தது என்று அவர்கள் சொன்னதை உலகம் கேட்கப் பல பத்தாண்டுகள் ஆயின. மலேசியா 2002-இல் பாராகுவாட்டைக் கைவிட முடிவு செய்து, 2006-இல் அதைத் தளர்த்தி, கடைசியில் 2020 ஜனவரி 1 முதல் முழுத் தடை கொண்டுவந்தது. தோட்ட வரலாற்றில் களை என்ற சொல்லுக்குப் பின்னால் இத்தனை உடல்வலி இருக்கிறது.

அதற்குள் தோட்டங்களே மாறிவிட்டன. 1960-கள் முதல் பால்மரம் வெட்டப்பட்டுச் செம்பனை ஏறியது. செம்பனை ஏறத்தாழ 25 ஆண்டுக்கு ஒருமுறை மறுநடவு ஆகும். ஒவ்வொரு மறுநடவிலும் சரிவு சில மாதங்களாவது வெறுமையாக நிற்கும். மண்ணோடு இப்போது உரமும் சேர்ந்து போகிறது. உரம் பாசிக்குத் தீனி என்பதால், கடலில் களையெடுப்பவருக்கு வேலை கூடுகிறது. அதே 1960-களின் தொடக்கத்தில் போர்ட்டிக்சன் கரையில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் வந்தன. பின்னர் தெலுக் கெமாங் வரை விடுதிகள் எழுந்தன. தீபாவளிக்கும் பள்ளி விடுமுறைக்கும் லாரியில் ஏறிவந்து இந்தக் கடலில் குளித்த தோட்டப் பிள்ளைகளின் நினைவில் இருப்பது மணலும் அலையும் கட்டுச்சோறும்தான். கலங்கிய நீருக்கு அடியில் பவளம் இருப்பது கண்ணுக்குத் தெரியாது.

தமிழர் வாழும் இன்னொரு கரையோடு வைத்துப் பார்த்தால் போர்ட்டிக்சனின் தனித்தன்மை விளங்கும். இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். அங்கே பவளத்தை அழித்தது மண்ணல்ல, கடப்பாரை. சுண்ணாம்புக் காளவாய்க்கும் ஆலைகளுக்கும் கட்டடங்களுக்கும் பவளக்கல்லை வெட்டி வள்ளம் வள்ளமாக ஏற்றினார்கள். 1986-இல் தேசியப் பூங்கா அறிவித்தபின்னும், 2001-இல் பவளத்தை வனவுயிர்ச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தபின்னும் வெட்டு தொடர்ந்து, 2005-ஐ ஒட்டித்தான் நின்றது. தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் 2003 முதல் 2005 வரை அளந்தபோது, 110 சதுர கிலோமீட்டர் பவளப்பரப்பில் ஏறத்தாழ 32 சதுர கிலோமீட்டர் அழிந்திருந்தது. விலாங்குசல்லி, பூவரசன்பட்டி ஆகிய இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. பிறகு களையும் வந்தது: வளர்ப்புக்காகக் கொண்டுவந்த கப்பாஃபைக்கஸ் என்ற பாசி குருசடைத் தீவின் கிளைப்பவளங்களைப் போர்த்திக்கொண்டதை 2008-இல் பதிவு செய்தார்கள். மேயும் மீன்களை மிஞ்சி வளர்ந்த அந்தப் பாசியை ஆள் வைத்துக் கையால் பிடுங்க வேண்டியதாயிற்று.

வெட்டு நின்றதும் மன்னார் வளைகுடாவில் ஒரு காரணம் நீங்கியது. போர்ட்டிக்சனில் பவளத்துக்கு வரும் கேடு பல கிலோமீட்டர் உள்ளே, கடலையே பார்க்காத ஒரு சரிவில் தொடங்குகிறது. முனையின் காட்டைக் காத்ததால் அதன் காலடிப் பாறைக்கு ஒரு பக்கம் மட்டும் காவல் கிடைத்திருக்கிறது. லிங்கி ஆற்றின் பக்கம் திறந்தே இருக்கிறது. 1990-களில் இந்தியாவிலிருந்து வந்த மூக்குனா பிராக்டியாட்டா என்ற காட்டுக்கொடி இன்று செம்பனை மறுநடவுகளில் பரவலாகப் படர்கிறது. மற்றக் கொடிகளைவிட அடர்த்தியாகவும் வேகமாகவும் தரையை மூடுவது அது. மரங்களைச் சாய்த்த சில வாரங்களிலேயே அதை நட்டு, ஓடைக்கரைகளை உழாமலும் மருந்தடிக்காமலும் விட்டுவைக்கும் தோட்டத்திலிருந்து மழைநீர் தெளிந்து இறங்கும். அந்த நீர் சேரும் இடத்தில் பாசிப் பாயில் மண் குறைந்திருக்கும். கிளிமீன் அங்கே வாய் வைக்கும்.